மனந்திரும்ப உட்காருகிறவர்களுக்கு

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற மெல்லிய நோட்டு போதும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் எங்கள் சபையில் கண்ணீருக்குக் குறைவே இருப்பதில்லை. அந்தக் கண்ணீர் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஈஸ்டர் கழிந்த பிறகு பார்த்தால், கொடுக்க வேண்டியவர் கொடுக்காமலும் பெற வேண்டியவர் பெறாமலும் அப்படியே இருப்பார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ரங்கூன் பயின்னோங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவள். இங்கே மூட்டை கட்டுகிற உளுந்துதான் கப்பலேறிச் சென்னைக்கு வருகிறது. உங்கள் வீட்டு இட்லியில் எங்கள் ஊர் உளுந்து இருக்கக்கூடும். எங்கள் சபையில் திருவிருந்துக்கு ஆயத்தப்படுகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிற பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. இனி நான் சொல்வதெல்லாம் அப்படி உட்கார்ந்து பேசியதில் கற்றவை.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் செலவழிக்கப் போவது மன்னிப்பை வாங்குவதற்காக அல்ல. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பாருங்கள். மத்தேயு 27-ஆம் அதிகாரத்தில் அவன் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோகிறான், ஒரு காசு குறையவில்லை. பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டும் சொல்கிறான். ஆனால் போன இடம் பிரதான ஆசாரியரின் இடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இயேசுவிடம் அவன் போகவேயில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவோ ஒரு காசும் திருப்பிக் கொடுக்கவில்லை. மனங்கசந்து அழுதான், பிறகு கடற்கரையில் கரிநெருப்பின் அருகே என்னை நேசிக்கிறாயா என்று ஆண்டவர் மூன்று தரம் கேட்டதற்கு மூன்று தரமும் பதில் சொன்னான். மறுதலித்ததும் மூன்று தரம்தான். பணத்தைத் திருப்பியவன் அழிந்தான், எதையும் திருப்ப வழியில்லாதவன் மேய்ப்பனானான் என்றால், திருப்பிக் கொடுப்பதால் இரட்சிப்பு வருவதில்லை என்பது தெளிவு.

அப்படியானால் செலவு எதற்கு? நீங்கள் தவறு செய்த நாளிலிருந்தே அதற்கு ஒருவர் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார். எடையில் ஏமாந்த விவசாயி அந்த ஆண்டு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருப்பார். நீங்கள் பரப்பிய பேச்சால் ஒரு பெண் கோவிலுக்கு வருவதை விட்டிருப்பாள். அந்தப் பாரத்தை அவர்கள் தலையிலிருந்து இறக்கி உங்கள் தலையில் ஏற்றிக்கொள்வதைத்தான் மனந்திரும்புதலின் செலவு என்கிறேன். செலவு புதிதாக வருவதில்லை. ஆள் மாறுகிறது, அவ்வளவுதான்.

நோட்டில் எழுதுவது

பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். யாருக்கு, நான் என்ன செய்தேன், அவருக்கு என்ன நஷ்டம், எனக்கு என்ன லாபம். பெயரை முழுதாக எழுத வேண்டாம், உங்களுக்கு மட்டும் புரிகிற ஒரு எழுத்து போதும். நம் ஊரில் ஒரு காகிதம் நாளை யார் கையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் மனந்திரும்புவதற்கு இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

"பெருமை, கோபம், பொறாமை" என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அது எல்லாருடைய பட்டியலும்தான். "மாமியாருடைய மருந்துப் பணத்தில் வாரம் 5,000 கியாட் எடுத்தேன்" என்று எழுதுங்கள் (கியாட் எங்கள் நாட்டு நாணயம்). யோவான் ஸ்நானன் அப்படித்தான் பேசினான். லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் மூன்று கூட்டம் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் ஒன்றைக் கொடு. வரி வசூலிப்பவன் கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகன் மிரட்டிப் பிடுங்காதே, உன் சம்பளம் போதும் என்று இரு. ஒவ்வொருவனுக்கும் அவனுடைய தொழிலிலேயே பதில் கிடைத்தது.

மூன்றாவது கட்டத்தில்தான் எல்லாருக்கும் பேனா நிற்கும். என்ன செய்தோம் என்பது நினைவிருக்கும், அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தே இருக்க மாட்டோம். அவசரப்பட வேண்டாம். தெரியவில்லை என்றால் தெரியாது என்றே எழுதி வையுங்கள், அவரிடம் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "அவரும் எனக்கு இப்படிச் செய்தார்" என்ற வரி எங்காவது நுழைந்திருந்தால் அடித்துவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இந்த நோட்டில் அதற்கு இடமில்லை.

எழுதி முடித்ததும் ஒரு ஆளிடம் வாசித்துக் காட்டுங்கள். அந்தோணியார் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கத் தமிழர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. கேட்கிற குருவானவர் எக்காரணத்தாலும் வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. பாவமன்னிப்பு பெற்ற பின்னும் திருடியதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்களுடைய திருச்சபையின் போதனை. பாப்டிஸ்டுகளும் மெதடிஸ்டுகளுமான நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. "நேராக தேவனிடமே சொல்லிவிட்டேன்" என்று நாம் சுலபமாக முடித்துக்கொள்கிறோம். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. வாயை அடக்கத் தெரிந்த, உங்களைவிட மூத்த ஒருவரைத் தேடுங்கள். உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு "போகட்டும் விடு" என்கிறவர் இதற்கு உதவ மாட்டார்.

பணமாக இருந்தால்

வேதத்தில் இதற்குத் தெளிவான அளவு இருக்கிறது. தானே முன்வந்து ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று லேவியராகமம் 6-உம் எண்ணாகமம் 5-உம் சொல்கின்றன. லட்சம் கியாட் எடுத்திருந்தால் 1,20,000. ஆட்டைத் திருடி அடித்தோ விற்றோ போட்டவன் ஒன்றுக்கு நான்கு கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமம் 22. இப்போது லூக்கா 19-இல் வருகிற வரி வசூலிப்பவன் சகேயுவைப் படியுங்கள். யாரும் அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. தானாக ஒப்புக்கொண்டவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். அவனோ ஆட்டுத் திருடனுக்குரிய நாலத்தனையைத் தன் மேல் போட்டுக்கொண்டான். போதாததற்கு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்றான். இதையெல்லாம் சொல்வதற்கு முன்பே இயேசு அவன் வீட்டில் தங்க வந்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். விருந்தாளி உள்ளே வந்த பிறகுதான் பெட்டி திறந்தது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதல் என்பது எவ்வளவு? 2021 ஜனவரியில் ஒரு டாலர் சுமார் 1,330 கியாட். 2024-இல் வெளிச்சந்தையில் அது 4,000-ஐத் தாண்டிவிட்டது. அன்று எடுத்த பத்து லட்சத்தை இன்று பத்து லட்சமாகவே நீட்டினால் அதன் மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பினீர்கள் என்று பொருள். என் வழி இதுதான்: அந்தப் பணத்தில் அன்று எத்தனை மூட்டை அரிசி வந்திருக்கும் என்று பாருங்கள், இன்று அத்தனை மூட்டைக்கு என்ன விலையோ அதுவே முதல். அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு. பெரிய தொகையானால் அரிசிக்குப் பதில் பொன் விலையை வைத்துப் பாருங்கள். இவ்வளவு கறாராக வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. உங்களுக்கு வர வேண்டிய பணமாக இருந்தால் எப்படிக் கணக்குப் பார்ப்பீர்களோ அப்படிப் பாருங்கள்.

எங்கள் சந்தைக்காரர் ஒருவரின் கதையைச் சொல்ல அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். ஒரு மாலை செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே இரும்பு என்று தெரிந்தது. பிரித்தால் ஐந்து வீசை எடைக்கல். புரட்டிப் பாருங்கள் என்றார். எடையைச் சரிசெய்ய ஈயம் ஊற்றுகிற குழி ஒவ்வொரு கல்லின் அடியிலும் இருக்கும். பழைய கல்லில் அந்த ஈயம் கறுத்துப்போய் இரும்போடு இரும்பாகத் தெரியும். இதில் குழியை ஆழமாகத் தோண்டி ஈயத்தைத் திணித்திருந்தார்கள், நகத்தால் கீறினால் வெள்ளையாகப் பளபளத்தது. விவசாயியிடம் சரக்கு வாங்கும்போது இந்தக் கல். ஒவ்வொரு நிறுவையிலும் அவர் கூடுதலாகக் கொட்டிவிட்டுப் போவார். எங்கள் வீசை ஏறக்குறைய 1.63 கிலோ, கல்லுக்குக் கால் வீசை என்றால் ஒரு மூட்டைக்கு எவ்வளவு, ஒரு அறுவடைக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைக் கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது. அந்த வசனத்தைச் சிறு வயதில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவர் அவர்.

கோவிலுக்கு ஒரு பெரிய காணிக்கை கொடுத்துவிடுகிறேன், ஜெனரேட்டர் வாங்கித் தருகிறேன் என்றுதான் முதலில் சொன்னார். சபைக்கு ஜெனரேட்டர் தேவைதான். ஆனாலும் வேண்டாம் என்றேன். சொந்தக்காரன் உயிரோடு இருக்கும்போது அவன் பணத்தை வாங்கிக்கொள்ள சபைக்கு உரிமையில்லை. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு 5 சொல்கிறதே, அது இதற்குத்தான்.

பழைய கொள்முதல் புத்தகங்களை எடுத்து, தொங்வா பக்கத்து விவசாயிகளில் பெயர் கண்டவர்களை மட்டும் முதலில் தேடினார். மனைவியின் சம்மதத்தோடு இரண்டு வளையல்களை விற்றார். சம்மதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மனந்திரும்புதலுக்கு வீட்டிலுள்ளவர்களைக் கேட்காமல் செலவு வைத்தால் நோட்டில் இன்னொரு பெயர் ஏறும். ஒரு விவசாயி பணத்தை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, இனி என் முற்றத்துக்கு வராதே என்றார். இன்னொருவர் தேநீர் கொடுத்தார். மூன்றாமவர் இறந்திருந்தார், மகள் வாங்கிக்கொண்டாள். கண்டுபிடிக்க முடியாதவர்களின் பங்கை வைத்து, அந்த ஊர்களிலிருந்து வருகிற சரக்குக்கு இரண்டு அறுவடை வரை கூடுதல் விலை கொடுத்தார்.

பேச்சாக இருந்தால்

பணத்தைவிட இது விலை கூடியது. ஒருவரைப் பற்றி நீங்கள் சொன்ன பொய் எத்தனை வீட்டுக்குப் போயிற்றோ அத்தனை வீட்டுக்கும் நீங்கள் போக வேண்டும். அவரிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால் ஊர் வாயில் அவர் பெயர் கெட்டபடியே இருக்கும். யாருடைய அடுப்படியில் உட்கார்ந்து சொன்னீர்களோ அதே அடுப்படியில் உட்கார்ந்து, "அன்று அவளைப் பற்றி நான் சொன்னது பொய். நான் பார்க்கவில்லை. பொறாமையில் சொன்னேன்" என்று சொல்லுங்கள். அவர்கள் உங்களை இனி நம்ப மாட்டார்கள். சில காலத்துக்கு அப்படித்தான் இருக்கும். அவள் இழந்ததும் அந்த நம்பிக்கையைத்தான்.

எதிரே போய் நிற்பது

நம் பர்மியப் பக்கத்து வீட்டாரிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. தடின்ஜூட் விளக்குத் திருநாள் சமயத்தில் பெற்றோர், ஆசிரியர், பெரியவர்கள் முன் பழமும் துணியும் வைத்து மண்டியிட்டு, எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும் பிழை செய்திருந்தால் பொறுக்க வேண்டும் என்று 'கடோ' செய்வார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததால் ஒரு பெரியவர் முன் தாழ்ந்து நிற்க நமக்குக் கூச்சமில்லை. அதற்காக அவர்களுக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன். ஆனால் குறிப்பிட்ட ஒரு தீங்கைச் செய்தவருக்கு "பிழை ஏதும் இருந்தால்" என்பது போதாது. பிழை இருக்கிறது, அதன் பெயரைச் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியது சுருக்கமானது. "அக்கா, அப்பா இறந்தபோது வந்த உதவிப் பணத்தில் நான் மூன்று லட்சம் மறைத்தேன். அது உங்கள் பங்கு. இன்றைய கணக்கில் இவ்வளவு ஆகிறது, இதோ. அதனால் உங்களுக்கு வேறு என்ன கஷ்டம் வந்தது என்று எனக்குத் தெரியாது, நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவுதான். "உங்கள் மனம் வருத்தப்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள். "ஆனால்" என்ற சொல் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். அவர் திட்டினால் கேளுங்கள். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், சொல்லும்படி வேதவசனம் காட்டி நெருக்கவே நெருக்காதீர்கள். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனுக்குக் கெடு வைக்க முடியாது.

போகக் கூடாத இடமும் உண்டு. நீங்கள் அடித்தவர், உங்களைக் கண்டால் நடுங்குகிறவர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். போதகர் மூலமோ அவர் நம்புகிற ஒருவர் மூலமோ செய்தி அனுப்புங்கள்; வேண்டாம் என்றால் விலகியே இருப்பதுதான் நீங்கள் கொடுக்க வேண்டிய மனந்திரும்புதலின் கனி. அவருக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொல்லி உங்கள் நெஞ்சு மட்டும் லேசாகி அவர் நெஞ்சு நொறுங்குமானால், அந்த மூத்தவரோடு உட்கார்ந்து நன்றாக யோசித்த பிறகே போங்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்த காரியமென்றால் நோட்டும் உபதேசமும் பிறகு. முதலில் அந்தப் பிள்ளையைப் பாதுகாக்க வேண்டும், சபைக்குள் மூடி வைப்பது இன்னொரு பாவம்.

இதனால் கிடைப்பது

தாவீது 32-ஆம் சங்கீதத்தில், தான் அடக்கிவைத்த மட்டும் எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறான். அதை அனுபவித்தவர்களை நான் எதிரே உட்காரவைத்துப் பார்த்திருக்கிறேன். இன்ன வீதி வழியாகப் போக மாட்டார்கள், இன்னார் வந்தால் திருவிருந்து நாளில் தலைவலி வரும். எல்லாம் செலுத்தி முடித்த பின் அவர்கள் ஊரில் எந்தத் தெருவிலும் நடக்கிறார்கள். எடைக்கல்காரர் இப்போது தராசின் முகத்தை விவசாயியின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். வருமானம் குறைந்ததா என்று கேட்டேன், குறைந்தது என்றார்.

இந்த நாட்டிலேயே பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. கோ தா ப்யூ என்ற, கரென் இனத்து மனிதர். கொள்ளைக்காரர், முப்பது கொலைகளிலாவது தனக்குப் பங்குண்டு என்று அவரே சொன்னதாக மிஷனரிகள் எழுதி வைத்தார்கள். கடனுக்கு அடிமையாகக் கிடந்தவரை ஒரு கிறிஸ்தவர் பணம் கட்டி மீட்டார், பிறகு மௌல்மீனில் மிஷனரி ஜட்சனின் வீட்டில் வேலைக்கு இருந்தார். கோபம் எளிதில் போகவில்லை, அதனால் சபை அவருடைய ஞானஸ்நானத்தைத் தாமதித்தது. 1828 மே 16 அன்று தவாயில் ஞானஸ்நானம் பெற்றார். 1840-இல் இறக்கும்வரை கரென் கிராமங்களில் சுவிசேஷம் சொல்லி நடந்துகொண்டே இருந்தார். கரென் சபைகள் இன்றும் அவரை அப்போஸ்தலர் என்கின்றன. கொன்றவர்களை அவரால் எழுப்ப முடியாது. திருப்ப முடியாத கடன் உள்ளவர்கள் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்; அவர் மிச்சமிருந்த நாட்களைக் கொடுத்தார்.

கடைசியாக, எங்கள் சமூகத்துக்கே உரிய ஒன்று. 1960-களில் கடைகள் அரசுடைமையாகி, 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற்போய், நம் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். நகையையும் பணத்தையும் கொண்டுபோக விடவில்லை. பலர் பக்கத்து வீட்டில் ஒரு சங்கிலியையோ பத்திரத்தையோ கொடுத்து, வைத்திருங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாங்கியவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. பொருள் பேரப்பிள்ளைகளின் பெட்டியில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் அதை நோட்டில் எழுதுங்கள், தாத்தா செய்தது என்று தள்ளாதீர்கள். சென்னை வியாசர்பாடியிலும், தமிழ்நாட்டில் பர்மாவிலிருந்து போனவர்கள் குடியேறிய மற்ற ஊர்களிலும் இன்னும் முதியவர்கள் இருக்கிறார்கள், அங்குள்ள சபைகளுக்குக் கடிதம் போடலாம். பொருளின் அடையாளத்தைக் கடிதத்தில் எழுத வேண்டாம், குடும்பப் பெயரையும் இருந்த தெருவையும் மட்டும் எழுதுங்கள். அடையாளத்தை அவர்கள் சொல்லட்டும். வாரிசே இல்லை என்று உறுதியானால், வாங்கிக்கொள்ள உறவினன் இல்லாதபோது அது கர்த்தருக்குச் சேரும் என்று எண்ணாகமம் 5:8 வழி சொல்கிறது. அப்போது சபையிடம் கொண்டுவாருங்கள், பொருளாளரிடம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதில் கொடுத்துவைத்த குடும்பத்தின் பெயர் இருக்கட்டும், உங்கள் பெயர் வேண்டாம்.